குலுக்கலில் விழுந்த ஊர்

மார்ச் 3, திங்கள்

நர்ஸம்மா இந்த நோட்டைக் கொடுத்து, தினமும் என்ன சாப்பிட்டேன் என்று எழுதி வரச் சொன்னாள். சுகர் 286. இருநூறுக்குக் கீழே வந்தால்தான் கண் ஆபரேஷன். இடது கண்ணில் பால் ஊற்றின மாதிரி ஆகி ஒரு வருஷம் ஆகிறது. வலது கண்ணும் அதே வழியில் போகிறது.

நாலாங்கிளாஸ்தான் படித்தேன், இதெல்லாம் எழுத வராது என்றேன். "இட்லின்னு எழுதத் தெரியும்ல பாக்கியம்மா, அது போதும்" என்றாள். என் முழுப்பெயர் தனபாக்கியம். அதையும் எழுதத் தெரியும்.

காலை: இட்லி மூன்று. மதியம்: பால்வாடியில் சோறு, சாம்பார். டீ, சர்க்கரை இல்லாமல்.

மார்ச் 4, செவ்வாய்

இட்லி மூன்று. லிஃப்ட் ஓடவில்லை. ஏழு மாடி ஏறி இறங்கினது சாப்பாட்டில் சேருமா என்று நர்ஸம்மாவைக் கேட்க வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

பால்வாடி எங்கள் பதினாலாம் பிளாக்கில் கீழேயே இருக்கிறது. நான் அங்கே ஆயா. கூட்டுவது, கழுவுவது, சாதம் வடிப்பது, வராத பிள்ளைகளை வீட்டுக்குப் போய் அழைத்து வருவது. என் பேத்தி பூவிகாவும் அங்கேதான் இருக்கிறாள். அவள் ஆயா என்று கூப்பிட்டாலும் மற்ற பிள்ளைகள் கூப்பிட்டாலும் ஒரே சத்தம். யாருக்கென்று திரும்புவது?

இன்றைக்கு கிருபா டீச்சர் ஒரு கோணிப்பை நிறைய மரக்கட்டை கொண்டுவந்தாள். தச்சுப் பட்டறையில் கேட்டு வாங்கி, மூலை குத்தாமல் தேய்த்து வைத்திருக்கிறாள். வாசலில் இருந்து உள்ளே இழுத்து வந்தது நான்.

"இதுக்குப் பேரு பிளாக். ஆளுக்குக் கொஞ்சம் எடுங்க. நாம ஒரு ஊர் கட்டலாம்" என்றாள்.

ஒரு பிள்ளையும் அசையவில்லை.

"எந்த பிளாக்கு மிஸ்?" என்றாள் பூவிகா.

"இதோ, இந்த பிளாக்தான்."

"இது எத்தினியாவது பிளாக்கு?"

டீச்சருக்குப் புரியவில்லை. அவள் தாம்பரத்தில் இருந்து பஸ்ஸில் வருகிறவள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு பிளாக் என்றால் இந்தக் கட்டடங்கள்தான், அதற்கு நம்பர் இருக்க வேண்டும். நான்தான் சொன்னேன். சாக்பீஸால் கட்டைக்கெல்லாம் நம்பர் போட்ட பிறகு தொட்டார்கள். எட்டுக் கட்டையை ஒன்றின்மேல் ஒன்றாக நட்டுவிட்டு, முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டார்கள்.

"ஊர் எங்க?"

"இதான் மிஸ் ஊரு."

பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து, அது லிஃப்ட் என்றாள் பூவிகா. அதை மேலேயும் கீழேயும் ஓட்டு என்று டீச்சர் சொன்னதற்கு, "அது ஓடாது மிஸ். அது சும்மா இருக்கும்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மூச்சு வாங்குகிறது.

மார்ச் 9, ஞாயிறு

என் மகள் நதியா வந்திருந்தாள். அண்ணா நகரில் படுத்த படுக்கையாக இருக்கிற ஒரு அம்மாவைப் பார்த்துக்கொள்ள அங்கேயே தங்கி வேலை செய்கிறாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அனுப்புகிறார்கள்.

பூவிகாவுக்குத் தலை பின்னிவிட உட்கார்ந்தேன். வகிடு கோணலாகப் போயிருக்கிறது போல. நதியா சீப்பை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டாள்.

"எம்மா, உனக்கு எவ்ளோ தெரியுது? நெசமா சொல்லு."

"எல்லாம் தெரியுது."

"இது எத்தினி விரலு?"

"போடி."

அவளே பின்னிவிட்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். பூவிகாவுக்கு ஜூனில் ஒண்ணாங்கிளாஸ். ஹாஸ்டலோடு சேர்ந்த பள்ளிக்கூடம் ஒன்று விசாரித்து வைத்திருக்கிறாளாம். "உன் கண்ணு சரியாச்சுன்னா இங்கயே இருக்கட்டும். ஆவலன்னா நான் இன்னாம்மா பண்ணுவேன்? இவள இட்டுனு போயி அங்க படுக்க வெக்க முடியுமா?"

ஐந்து வயசுப் பிள்ளைக்கு ஹாஸ்டல். அவள் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் கோபம் வந்தது.

மதியம் சோறு, கருவாட்டுக் குழம்பு. பாயசம் வைத்திருந்தாள். நான் தொடவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

சுகர் 268. "பாயசம் சாப்டீங்களா?" என்று நர்ஸம்மா கேட்கிறாள். இவளுக்கு யார் சொன்னது? ஒரு கரண்டி. ஒரே கரண்டி.

திரும்பி வரும்போது மரகதம் தன் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பதினாலாம் பிளாக்கில் படிக்கட்டை ஒட்டின கீழ் வீடு அவளுடையது. தண்ணீருக்கு, குப்பைக்கு, பால்வாடிக்கு என்று எதற்கு இறங்கினாலும் அவள் முகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஏழு வருஷமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு போகிறேன். கழுத்து அந்தப் பக்கமே பழகிவிட்டது.

எனக்கு எதுவும் மறக்காது. 2017 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. ஆற்றோரத்தில் எங்கள் குடிசைகளை எடுத்த பிறகு, ஒரு பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்தல் போட்டு வீட்டுக்குக் குலுக்கல் நடத்தினார்கள். நீலக் குடத்தில் சீட்டு. மரகதம் குடிசையும் என் குடிசையும் ஒரே சுவர் வைத்தவை, அதனால் அடுத்தடுத்துக் கூப்பிட்டார்கள். நான் என் சீட்டை எடுத்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் கூப்பிட்டுவிட்டார். அவருக்கு அப்போதே ஒரு பக்கம் கை கால் வராது, சிறுநீருக்கு நான்தான் கூட்டிப்போக வேண்டும். சீட்டைப் பிரிக்காமல் மரகதம் கையில் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பிரித்தால் எனக்கு ஏழாவது மாடி, அவளுக்குக் கீழ் வீடு. மாற்றிவிட்டாள். நான் எடுத்தது கீழ் வீடுதான். எனக்குத் தெரியும்.

2018 ஜூன் 22, வெள்ளி. அவருக்கு நெஞ்சு வலித்தபோது லிஃப்ட் ஓடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் இறக்கினார்கள். மூன்றாவது மாடியில் தலை சாய்ந்துவிட்டது. கீழே மரகதம் சொம்பில் தண்ணீரோடு ஓடிவந்தாள். காலால் தட்டிவிட்டேன்.

அதில் இருந்து பேச்சு இல்லை. வெள்ளம் வந்த வருஷம் கீழ் வீட்டுச் சனங்கள் எல்லாம் மேலே ஏறிவந்து படிக்கட்டு முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். கொசு வரும் என்று நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இன்று இதை எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. கோடு கண்ணுக்குத் தெரியவில்லை. எழுத்து ஏறி ஏறி இறங்குகிறது.

மார்ச் 18, செவ்வாய்

சுகர் 251.

டீச்சர் மறுபடியும் கட்டைகளைக் கொட்டினாள். ஒரு ஊருக்கு வேறு என்ன வேண்டும் என்று கேட்டாள். ரேஷன் கடை, தண்ணித் தொட்டி, ஒயின் ஷாப். அதைக் கேட்டு அவள் முகம் போன போக்கு! பஸ் ஸ்டாப் வைத்தார்கள், ஆனால் பஸ் அங்கே நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்றது. ஓட்டினவள் சரியாகத்தான் ஓட்டினாள்.

"சரி, இந்த வீடுங்கள்ல யார் எங்க இருக்கணும்? அத எப்படி முடிவு பண்றது?"

பக்கத்து வீட்டுக்காரர், சிநேகிதக்காரர், சொந்தக்காரர் என்று ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்திருப்பாள்.

"குலுக்கல் மிஸ்!" என்று அத்தனையும் ஒரே குரலில் கத்தின.

டீச்சர் என்னைப் பார்த்தாள். நான் சாம்பார்ப் பாத்திரத்தைத் துடைத்துக் கொடுத்தேன். எட்டுப் பிள்ளைகள், எட்டுச் சீட்டு. படிக்கத் தெரியாதே, அதனால் பச்சை ஸ்கெட்ச்சில் மாடிக்கு ஒரு கோடு போட்டாள். கீழ் வீட்டுக்குக் கோடு இல்லை, ஒரு கதவு மட்டும் வரைந்தாள்.

மரகதத்தின் பேத்தி தன்ஷிகாவுக்கு ஏழு கோடு வந்தது. பூவிகா தனக்குச் சீட்டே வரவில்லை என்றாள். கதவு போட்ட சீட்டைக் காணோம். பாயை உதறினோம், பாத்திரத்தைக் கவிழ்த்தோம். எங்கேயும் இல்லை.

"தன்ஷிகாதான் மாத்தியிருப்பா மிஸ். அவங்க ஆயா சீட்ட மாத்துவாங்க" என்றது ஒரு பிள்ளை.

"அப்படில்லாம் சொல்லக் கூடாது. யார் சொன்னா உனக்கு?"

"பூவிகா."

"உங்க ஆயா சீட்டுத் திருடி" என்று இன்னொன்று பாட்டாகவே பாட ஆரம்பித்தது. தன்ஷிகா தேம்பித் தேம்பி அழுதது. டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். அந்தப் பாத்திரம் ஏற்கெனவே கழுவினதுதான்.

மார்ச் 19, புதன்

தன்ஷிகா வரவில்லை. உப்புமா. டீ.

மார்ச் 20, வியாழன்

பூவிகாவின் கவுனைத் துவைக்க எடுத்தபோது பாக்கெட்டில் ஏதோ தட்டுப்பட்டது. ஜன்னலில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். பச்சைக் கதவு.

"ஏண்டி எடுத்த?"

"உனக்குத்தான் ஆயா."

"எனக்கு எதுக்கு?"

"கீழ் வூடு நம்மளுதுன்னு நீதானே சொல்வ. மேல ஏறும்போதெல்லாம் சொல்வல்ல."

அடிக்கக் கை ஓங்கினேன். எங்கே இருக்கிறாள் என்று சரியாகத் தெரியவில்லை. கையை இறக்கிக்கொண்டேன். சீட்டை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன். டீச்சரிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, ஒரு துண்டுக் காகிதம்.

மார்ச் 25, செவ்வாய்

சுகர் 226. அரிசி டப்பாவைத் திறக்கப் பிடிக்காமல் ஐந்து நாளாகக் கோதுமைக் கஞ்சி. நர்ஸம்மா பாராட்டினாள்.

தன்ஷிகா இன்றும் வரவில்லை. போய்ப் பார்த்து வரச் சொன்னாள் டீச்சர். முட்டி வலி என்றேன். கீழ் வீட்டுக்கும் பால்வாடிக்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது.

ஏப்ரல் 1, செவ்வாய்

சுகர் 204.

நாலுதான் அதிகம், வந்துவிடும் என்றாள் நர்ஸம்மா. ஏப்ரல் 24 வியாழன் அன்று கண் ஆஸ்பத்திரி வேன் வருகிறதாம், பேர் எழுதிக்கொண்டாள். அதை விட்டால் அடுத்தது ஆகஸ்டு. ஆகஸ்டில் பூவிகா எங்கே இருப்பாளோ.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரு மாதம் குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது. ஒரு நாளைக்கு நாலு தடவை சொட்டு மருந்து இன்னொருத்தர் போட வேண்டும்.

"கீழ யார் வீட்லயாவது இருக்க முடியுமா? சொந்தக்காரங்க இருக்காங்களா?"

"எல்லாரும் வேற வேற பிளாக்குல விழுந்துட்டாங்க" என்றேன்.

நதியாவுக்கு போன் போட்டேன். இரண்டு நாள்தான் லீவு தருவார்களாம்.

ஏப்ரல் 3, வியாழன்

டீச்சர் சொல்லிவிட்டாள். "நீங்க கூட்டிட்டு வரலன்னா நானே போறேன் ஆயா. அந்தக் குழந்த என்ன பாவம் பண்ணுச்சு?" என் வேலையை இவள் செய்ய வேண்டாம். மாடிக்குப் போய் சீட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

கதவு திறந்திருந்தது.

"பால்வாடியில இருந்து ஆயா வந்திருக்கேன்" என்றேன்.

"அது தெரியுது. உள்ள வா" என்றாள் மரகதம்.

"வர்றதுக்கில்ல. பாப்பா ரெண்டு வாரமா வரல, டீச்சர் கேட்டாங்க."

"திருடின்னு பாட்டுப் பாடுதுங்களாம். இன்னாத்துக்கு அனுப்பணும்?"

சீட்டை நீட்டினேன். "இதான் அது. என் பேத்தி பாக்கெட்டுல இருந்துது."

வாங்கிப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள், பழைய சிரிப்பு, மூக்கால்.

"எத்தினி நாளா வெச்சினுகீற?"

"ரெண்டு வாரம்."

"ரெண்டே வாரம். எனக்கு ஏழு வருசம் ஆவுது யக்கா, ஒருத்தரும் பாக்கெட்ட தடவிப் பாக்கல."

சீட்டை என் கையில் திருப்பி வைத்துவிட்டு மேலே பேசினாள். "அன்னிக்கி நீ திரும்பி வந்தப்போ ரெண்டு சீட்டும் என் கையில ஒண்ணா கெடந்துது. எதுடி என்னுதுன்னு கேட்ட. தெரியலக்கான்னேன். எதுவா இருந்தா இன்னா, எல்லாம் வூடுதானேன்னு சொல்லி நீயேதான் ஒண்ண உருவிக்கின. நீயே, உன் கையால."

"பொய்யி."

"சரி, பொய்யி. பாப்பாவ இட்டுனு போ."

தன்ஷிகா கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். வாசல்படி இருப்பது தெரியவில்லை. விழ இருந்தேன். மரகதம் முழங்கையைப் பிடித்துவிட்டாள்.

"கண்ணு இவ்ளோ மோசமாவா கீது?"

கையை உதறிக்கொண்டேன். மெதுவாகத்தான் உதறினேன், பிள்ளை பக்கத்தில் இருந்ததால்.

அவள் சொன்ன மாதிரி எனக்கு ஞாபகம் இல்லை. எனக்கு ஞாபகம் இல்லாதது எதுவும் கிடையாது என்று இந்த பிளாக் முழுக்கத் தெரியும்.

ஏப்ரல் 4, வெள்ளி

பூவிகா எல்லார் முன்னாலும் சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள். டீச்சர் அவளைத் திட்டவில்லை. தன்ஷிகாவிடம், "கீழ் வீடு இப்ப யாருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"எனக்கு!" என்றது தன்ஷிகா. உடனே எனக்கு, எனக்கு என்று எட்டும் கத்தின. மேலே யாரும் போக மாட்டார்களாம். "மேல போனா எங்க ஆயாக்கு மூச்சு வாங்கும்" என்றாள் பூவிகா. "எங்க ஆயாக்கும்தான்" என்றது தன்ஷிகா. முடியைப் பிடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று நான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

ஒன்றின்மேல் ஒன்றாக நின்ற எட்டுக் கட்டையையும் தன்ஷிகா இரண்டு கையால் அணைத்து அப்படியே படுக்கப் போட்டுவிட்டது.

"இப்ப எல்லாமே கீழ் வூடு."

பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. நட்டுவைத்த பிளாக்கையெல்லாம் படுக்கப் போட்டார்கள். ஊர் பாயைத் தாண்டியது, அலமாரி வரைக்கும் போனது, என் அடுப்படிக்குள் வந்தது. கால் வைக்க இடம் இல்லை.

"இப்படி வெச்சா ஸ்கூலுக்கு எடம் எங்க? பஸ் எப்படிப் போகும்?" என்றாள் டீச்சர்.

எட்டும் யோசித்தன. கடைசியில் பூவிகா, "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க மிஸ், அப்ப எடம் வரும்" என்றாள்.

டீச்சர் வெளியே போய் நின்றுகொண்டு சிரித்தாள். கலைக்க வேண்டாம், சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும் என்றாள். அந்த ஊரைச் சுற்றிச் சுற்றிக் கூட்டினேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

ஏப்ரல் 22, செவ்வாய்

சுகர் 188.

"கூட யாரு இருப்பாங்க, எந்த வீடு?" என்று பேனாவை வைத்துக்கொண்டு கேட்டாள் நர்ஸம்மா. பின்னால் பிரஷர் மாத்திரைக்கு நின்ற வரிசையில் இருந்து சத்தம் வந்தது.

"மரகதம்னு எழுதிக்கோ நர்ஸம்மா. பதினாலாம் பிளாக்கு, கீழ் வூடு. சொட்டு மருந்து போட எனக்குத் தெரியும்."

நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நர்ஸம்மா எழுதிக்கொண்டாள்.

ஏப்ரல் 28, திங்கள்

வியாழன் ஆபரேஷன், வெள்ளி கட்டுப் பிரித்தார்கள். இரண்டு நாள் இருந்துவிட்டு நதியா வேலைக்குப் போய்விட்டாள். நானும் பூவிகாவும் கீழ் வீட்டில் இருக்கிறோம். குனியக் கூடாது என்பதால் டிவி மேஜைமேல் நோட்டை வைத்து, நின்றபடி எழுதுகிறேன். கோடு தெரிகிறது. இதற்கு முந்தின பக்கங்களைப் பார்த்தேன். எழுத்தா அது?

கட்டுப் பிரித்து இங்கே வந்து உட்கார்ந்ததும் நேராகப் பட்டது எதிர்ச் சுவர். அதில் ஒரு பழுப்புக் கோடு, மூலைக்கு மூலை, என் இடுப்பு உயரத்துக்கு. அதற்குக் கீழே சுண்ணாம்பெல்லாம் உரிந்து கிடக்கிறது.

"இது இன்னாடி கோடு?"

"தண்ணி நின்ன கோடு. எத்தினி தடவ வெள்ளையடிச்சாலும் மேல வந்துடுது."

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. தன்ஷிகாவுக்கு அன்றைக்குக் காய்ச்சல். ஒவ்வொரு மாடியாக இடம் தேடி ஏழாவது மாடி வரைக்கும் ஏறிவந்து, என் கதவுக்கு நேராக, பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள் மரகதம். இருமல் கேட்டது. அப்புறம்தான் நான் கதவைச் சாத்தினேன். கொசுவும் இருந்தது.

அதை அவள் சொல்வாள் என்று நாலு நாளாகக் காத்திருக்கிறேன். சொட்டு மருந்து போடும்போது சொல்வாள், சோறு போடும்போது சொல்வாள் என்று பார்க்கிறேன். சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

மே 9, வெள்ளி

கக்கூஸ் தண்ணீர் பொங்கி உள்ளே வந்துவிட்டது. மாதம் ஒருமுறை வருமாம். என்னைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு மரகதமும் அவள் மருமகளும் வாரி வாரிக் கொட்டினார்கள். பூவிகாவும் தன்ஷிகாவும் என் பக்கத்தில் கட்டில்மேல்.

"ஆயா, கீழ் வூடு நாறுது" என்றாள் பூவிகா என் காதில்.

"வாய மூடு."

"நம்மளுத அவங்களுக்கே குடுத்துடலாம்."

மே 25, ஞாயிறு

சுகர் 171. இனி மாடி ஏறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நதியா வந்து எத்தனை விரல் என்று கேட்டாள். "மூணு. நகத்துல அழுக்கு" என்றேன். அந்த ஹாஸ்டல் பாரத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். ஜூனில் பூவிகா இங்கே இருக்கிற பள்ளிக்கூடத்திலேயே ஒண்ணாங்கிளாஸ்.

துணியையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினேன். மரகதம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வரேன்" என்றேன்.

"லிஃப்டு ஓடல. நின்னு நின்னு ஏறு" என்றாள்.

சீட்டைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவள் சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஐப்பசி பிறந்தால் மழை. தண்ணீர் வந்தால் மேலே வாருங்கள் என்று சொல்ல வேண்டும் என்று மூன்று நாளாக நினைத்தேன். வாய் வரவில்லை.

என் வீட்டுக்கு இரண்டு சாவி. ஒன்றை அவள் டிவி மேஜைமேல் விட்டுவிட்டு வந்தேன். மறந்துவிட்டுப் போயிருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

நான் எதையும் மறக்கிறவள் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.